பேப்பர் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி வேலைல இருக்கவங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட் பத்தி, அதான் ராஜினாமா குடுத்த பிறகும் 90 நாள் வேல பாக்கணுங்கிறது பத்தி, நான் சொல்லத் தேவையில்ல. கன்சல்டன்சில இருந்து கூப்பிடுறவங்க எல்லாரும் "இமீடியட் ஜாயினரா சார்?"னு கேப்பாங்க, 90 நாள்னதும் போன வச்சிடுவாங்க, ஆனா அவங்க ஆள் எடுக்குற கம்பெனி ஆஃபர் லெட்டர்லயும் அதே 90 நாள்தான் போட்டிருக்கும். இந்தக் கூத்த நம்மால மாத்த முடியாது, மாட்டிக்காம வெளிய வர்ற வழிய பாப்போம்.

புது கம்பெனி வாய்ல சொன்ன ஆஃபர நம்பி பேப்பர் போடாதீங்க, அதாவது ராஜினாமா குடுக்காதீங்க, லெட்டர் மெயில்ல வரட்டும். அப்புறம் பழைய ஆஃபர் லெட்டர தேடி எடுத்து, நோட்டீஸ முடிக்காம போனா பிடிக்கிற காசு பேசிக்க (அடிப்படைச் சம்பளம்) வச்சா இல்ல கிராஸ (அலவன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்தச் சம்பளம்) வச்சான்னு பாருங்க, வித்தியாசம் பெருசா வரும். 5 வருஷத்துக்குக் கிட்ட இருக்கீங்கன்னா கிராச்சுவிட்டியையும் (5 வருஷம் முடிச்சா கம்பெனி குடுக்குற பணிக்கொடை) கணக்கு பண்ணிட்டு தேதி வைங்க. பேசிக் 40,000னா அத 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, 5 வருஷத்துக்குப் போட்டா 1,15,000க்கு மேல வருது, ரெண்டு மாச அவசரத்துல அத விடுவானேன்.

ராஜினாமாவ கண்டிப்பா மெயில்ல போடுங்க. நான் மொத தடவ மேனேஜர்ட்ட நேர்ல போய் சொன்னேன், அவரு டீ வாங்கிக் குடுத்து "அப்ரைசல் வரட்டும்பா, பேசிக்கலாம்"னாரு, நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன், மூணு வாரம் கழிச்சு ஹெச்ஆர்ட்ட கேட்டா "உங்ககிட்டருந்து ஒண்ணும் வரலையே"ங்கிறாங்க. ஒரு டீக்கு 21 நாள் போச்சு.

லேப்டாப்ப குடுக்குறதுக்குள்ள பேஸ்லிப், பழைய ஃபார்ம் 16 (சம்பளத்துல வரி பிடிச்சதுக்குக் கம்பெனி குடுக்குற சான்றிதழ்) எல்லாம் இறக்கி வச்சுக்கோங்க, கம்பெனியோட சாஃப்ட்வேர் கோடு பக்கம் மட்டும் கைய வைக்காதீங்க. இந்த வருஷத்துக்கான வரிச் சான்றிதழ் அடுத்த ஜூன்லதான் வரும், அதனால சொந்த மெயில் ஐடிய ஹெச்ஆர்ட்ட குடுத்துட்டு வாங்க. புது கம்பெனில பழைய சம்பளக் கணக்க காட்டிடுங்க, இல்லன்னா ரெண்டு எடத்துலயும் வரிய கம்மியா பிடிச்சு, ஜூலைல ரிட்டர்ன் போடும்போது மொத்தமா கட்டச் சொல்லும்.

நெறைய பேர் கோட்ட விடுறது பிஎஃப்லதான். யூஏஎன்ங்கிற 12 இலக்க பிஎஃப் நம்பர் எத்தன கம்பெனி மாறினாலும் ஒண்ணுதான், சேரும்போது பழசையே குடுங்க. பழைய கம்பெனி நீங்க வெளியேறின தேதிய போடலன்னா பிஎஃப் பணம் டிரான்ஸ்ஃபர் ஆகாம நிக்கும். கடைசியா பணம் கட்டுன மாசம் முடிஞ்சு 2 மாசம் ஆயிட்டா பிஎஃப் ஆஃபீஸோட (இபிஎஃப்ஓ) போர்ட்டல்ல 'மேனேஜ்'குள்ள 'மார்க் எக்சிட்'னு இருக்கும், ஆதார் ஓடிபி போட்டு நீங்களே போட்டுக்கலாம், ஹெச்ஆர கெஞ்ச வேணாம். தப்பா போட்டா திருத்துறது பெரிய தலவலி, ரிலீவிங் லெட்டர பக்கத்துல வச்சுக்கிட்டே போடுங்க.

கடைசி நாள் திருப்பிக் குடுக்குற ஒவ்வொரு பொருளுக்கும் மெயில்ல ஒரு வரி எழுதி வாங்குங்க. எனக்கு செட்டில்மென்ட்ல ஹெட்செட்டுக்குன்னு 1,800 ரூவா பிடிச்சாங்க, அந்த ஹெட்செட்ட அவங்க எனக்குக் குடுக்கவே இல்ல.