பாப்பாகூட மூக்கு உரசி கொஞ்சறது எப்படி

எங்க காவேரிப்பட்டணம் பக்கம் பெரியவங்க கொழந்தைய கையில வாங்கினா உச்சி மோந்துட்டு தான் கொஞ்சவே ஆரம்பிப்பாங்க, மூக்கோட மூக்கு உரசறதும் அந்த மாதிரி தான், வாசனையும் மூச்சும் தான் அதுல விஷயம், தேய்க்கறது கொஞ்சமா இருந்தா போதும். என் பொண்ணு பொறந்ததுல இருந்து தெனமும் செய்யறேன், தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல முகம் கழுவுங்க. மாங்கா சீசன்ல தோப்பு, மண்டின்னு வேலை பாக்கறவங்க சோப்பு போட்டு கை கழுத்து முகம் எல்லாம் நல்லா கழுவணும், தோத்தாபுரி காம்ப உடைச்சா பீச்சியடிக்கிற பால் நம்ம தோலையே பொசுக்கிடும். ஒருநாள் மண்டில இருந்து வந்த வேகத்துல அப்படியே தூக்கி கொஞ்சிட்டேன், மறுநாள் பாப்பா கன்னத்துல செவப்பா தடிச்சு நின்னுச்சு, இன்னும் மனசு ஆறல. ரெண்டு நாள் தாடியும் குத்தும். ரெண்டு பக்கமும் கல்லு மூக்குத்தி போட்ட அம்மாயிங்க நெத்தியோட நெத்தி வச்சா போதும்.

சளி, இருமல், ஒதட்டுல கொப்புளம் இருந்தா கிட்டயே போகாதீங்க. மூணு மாசத்துக்குள்ள இருக்கற கொழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அந்த வயசுல சாதாரண சளி தானேன்னு விட்டுடக் கூடாது.

பச்சக்கொழந்தைக்கு 20லிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கறது தான் ஓரளவு தெளிவா தெரியும், அதாவது ஒரு ஜாண், இல்லனா அதவிட கொஞ்சம் கூட. அதனால திடீர்னு மூஞ்சிகிட்ட போகாம கழுத்த தாங்கி புடிச்சுகிட்டு ஒரு ஜாண் தள்ளி நின்னு மெதுவா பேசுங்க, சாமி, தங்கம்னு எதுவோ ஒண்ணு, கண்ணு உங்க மேல நிக்கட்டும், கையும் காலும் ஆடட்டும், அப்புறம் மெதுவா குனிஞ்சு மூக்கு நுனிய மட்டும் தொட்டு ரெண்டு மூணு தடவ இப்படி அப்படி அசைச்சா போதும். அழுத்தக் கூடாது, மொத சில மாசம் கொழந்தைங்க பெரும்பாலும் மூக்கால தான் மூச்சு விடும். தொட்டதும் அப்படியே நில்லுங்க. அந்த பால் வாசன மூச்சு சூடா உங்க மேலொதட்டுல படும், சில சமயம் வாய தொறந்து உங்க மூக்கையே கவ்வப் பாக்கும், அது தான் எனக்கு ரொம்ப புடிச்ச நேரம்.

தலைய திருப்பிகிச்சுனா, முதுக வளைச்சுதுனா விட்டுடுங்க, அதுக்கு போதும்னு அர்த்தம்.

நியூசிலாந்து மாவோரி மக்கள் நெத்தியும் மூக்கும் சேத்து வச்சு மூச்ச பகிர்ந்துக்கறத ஹோங்கின்னு சொல்றாங்க, பெரியவங்களுக்குள்ளயே வரவேற்கற முறை அது. பனிநாட்டு இனுயிட் மக்களோட குனிக்ல மூக்கையும் மேலொதட்டையும் கன்னத்துல வச்சு மூச்ச இழுத்து மோந்து பாப்பாங்க, நம்ம உச்சி மோக்கறதுக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கு பாருங்க.

நடக்கற வயசு வந்துட்டா நீங்க போகாதீங்க, அதுவே வரட்டும். எங்க பாப்பா இப்ப வண்டி சத்தம் கேட்டாலே வாசப்படில வந்து மூக்க நீட்டிகிட்டு நிக்குது, இரு சாமி, அப்பா மூஞ்சி கழுவிட்டு வரேன்னு சொல்லிட்டு தண்ணித்தொட்டிக்கு ஓடறேன்.