லேக் என்று எழுதுவதற்கு முன்: ஆன்லைன் கேம் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே யாருக்கும் வேலை இருக்காது. அரவேனுப் பக்கத்தில் நாங்கள் நான்கு பேர் அந்த நேரத்தில்தான் ஸ்குவாட் சேர்ந்து விளையாடுவோம். ஒரு ஐப்பசியில் கேமுக்குப் பெரிய அப்டேட் வந்தது. போட்ட மறுநாளே மூன்று பேருக்கு லேக். எதிரி நின்ற இடத்தில் இல்லை, சுட்ட குண்டு பட்டதாகக் கணக்கில் வரவில்லை. "அப்டேட்ல கெடுத்து வச்சிட்டாங்கடா" என்று அன்றைக்கே முடிவு கட்டி, ஆளுக்கொரு புகார் எழுதினோம்.

நான்காவது ஆளுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. அவன் மொபைல் நெட்டில் விளையாடுபவன். மற்ற மூவருக்கும் ஒரே கேபிள் நெட். ஒரு வாரம் கழித்து லைன் பார்க்க வந்தவர், தேயிலைத் தோட்ட ஓரத்தில் சில்வர் ஓக் கிளை விழுந்து ஃபைபர் வயர் மடங்கிக் கிடந்ததைக் காட்டினார். ஃபைபர் அளவுக்கு மீறி மடங்கினால் உள்ளே போகும் ஒளி கசிந்துவிடும், தகவல் துண்டுகள் வழியிலேயே தொலையும். அந்த இடத்தை வெட்டி ஒட்டியதும் கேம் பழையபடி ஓடியது. எங்கோ உட்கார்ந்து கேமுக்கு நிரல் எழுதுகிறவர்களை ஒரு வாரம் திட்டியிருக்கிறோம்; கோளாறு எங்கள் வீட்டுக்கு இருநூறு அடி தள்ளி இருந்திருக்கிறது.

அதற்காகப் புகாரே சொல்லக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்டேட்டால் கேம் கெட்டுப்போவது நிஜமாகவே நடக்கிற விஷயம்தான். ஆனால் கோளாறு போனிலா, வழியிலா, கேமை நடத்தும் கம்பெனியின் கணினியான சர்வரிலா என்று பிரிக்காமல் பேசினால், சரிசெய்ய வேண்டியவருக்கு நம் பேச்சு ஒரு பயனும் தராது.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். படம் திக்கினாலும் லேக், பிங் ஏறினாலும் லேக், சர்வர் படுத்தாலும் லேக். மூன்றும் வேறு வேறு நோய்கள்.

பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. யாரும் இல்லாத இடத்தில் நின்று திரையை விரலால் வேகமாக இடமும் வலமும் திருப்புங்கள். உங்கள் பார்வை திரும்புவதே திக்கித் திக்கி வந்தால் அது நெட் பிரச்சினை இல்லை. பெரும்பாலான கேம்களில் பார்வையைத் திருப்பும் வேலையை உங்கள் போனே செய்துகொள்கிறது, சர்வரிடம் அனுமதி கேட்பதில்லை. அப்படியானால் குறைவது எஃப்பிஎஸ், அதாவது ஒரு வினாடிக்குப் போன் வரையும் படங்களின் எண்ணிக்கை. 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு படத்தை வரைய போனுக்கு 16.7 மில்லி செகண்ட்தான் கிடைக்கும். 90 என்றால் 11.1, 120 என்றால் 8.3. அந்த நேரத்துக்குள் வரைந்து முடிக்காவிட்டால் கண்ணுக்குத் திக்கல் தெரியும்.

பார்வை வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் மற்ற ஆட்கள் ஓரிடத்தில் நின்று இன்னோர் இடத்தில் முளைக்கிறார்கள், கதவைத் தொட்டால் அரை வினாடி கழித்துத் திறக்கிறது என்றால் அது வழியில் இருக்கும் கோளாறு. இங்கேயும் பிங் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. பிங் என்பது உங்கள் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். அது 80 மில்லி செகண்டில் அசையாமல் நின்றால் பழகிக்கொள்ளலாம்; கேமும் அதற்கேற்ப ஈடுகட்டிக்கொள்ளும். 30, 140, 45, 200 என்று துள்ளினால்தான் ஆட முடியாது. தகவல் துண்டுகள் தொலைந்துபோகும் பேக்கெட் லாஸ் அதைவிட மோசம். எங்கள் வயர் மடங்கிக் கிடந்தபோது திரையில் பிங் 50 என்றே காட்டியது. அதனால்தான் நெட்டை நாங்கள் சந்தேகிக்கவே இல்லை.

சர்வரே திணறினால், அந்த மேட்சில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். இதற்கு நல்ல உதாரணம் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேம். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் மோதும்போது சர்வர் தாங்காது என்பதால், 2012 முதல் அது கேமுக்குள் நேரத்தையே மெதுவாக்குகிறது. சாதாரண வேகத்தில் பத்தில் ஒரு பங்காகக்கூட இறங்கிவிடும். 2014 ஜனவரியில் நடந்த ஒரு பெரிய போர் சுமார் 21 மணி நேரம் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே யாரும் தன் ரவுட்டரைத் திட்டத் தேவையில்லை. ஆகவே புகாருக்கு முன்னால் ஸ்குவாட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கும் இப்படி இருக்கா? நீ எந்த நெட்?" அன்றைக்கு நாங்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஸ்பீடு டெஸ்டைக் காட்டி வாதாடுவது

"எனக்கு 100 எம்பிபிஎஸ் வருது, அப்ப கேம்தான் மோசம்" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். எம்பிபிஎஸ் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் வருகிறது என்ற கணக்கு. கேம் ஓடும்போது அனுப்பும், வாங்கும் தகவல் மிகக் கொஞ்சம். வீடியோ பார்ப்பதற்கு ஆவதில் சிறு பங்குதான் ஆகும். இங்கே முக்கியம் போய்வரும் நேரம். மேட்டுப்பாளையம் ரோட்டை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கூடுதல் வண்டிகள் போகலாம், தூரமும் வளைவும் குறையாது. எம்பிபிஎஸ் என்பது ரோட்டின் அகலம், பிங் என்பது பயண நேரம்.

அந்தப் பயண நேரத்துக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். போய்வர மட்டும் 29 மில்லி செகண்ட் ஆகிவிடும். கோத்தகிரியிலிருந்து மலை இறங்கி சென்னை போக ஆகும் நேரமும், கடலடிக் கேபிள் சுற்றிப் போகும் தூரமும் தனி. செட்டிங்ஸில் சிங்கப்பூர் சர்வரை வைத்துக்கொண்டு "பிங் 20 வரமாட்டேங்குது" என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை. முதலில் எந்த ஊர் சர்வரில் இருக்கிறோம் என்று பாருங்கள். மும்பை இருந்தால் அதற்கு மாறுங்கள்.

பிங்கைக் குறைக்கிறோம் என்று சொல்லும் ஆப்களை நம்ப வேண்டாம். பெரும்பாலும் நடுவில் இன்னொரு நிறுத்தம் சேரும், அவ்வளவுதான்.

"எனக்கு நல்லாத்தானே ஓடுது"

மலையில் இருக்கும் நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய தவறு இது. என் மாமா பையன் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் ஒரே மாடல் போன், ஒரே கிராஃபிக்ஸ் செட்டிங். பங்குனியில் ஒரு அப்டேட் வந்த பிறகு, பத்து நிமிடம் ஆடியதும் 60 எஃப்பிஎஸ் 40-க்கு இறங்குகிறது என்றான். எனக்கு அப்படி எதுவும் இல்லை. "உன் போன்லதான்டா ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டேன். மே மாத லீவுக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அதே போன், அதே கேம், ஒரு மணி நேரம் ஆடியும் 60-இல் நின்றது.

போனின் சிப் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சமவெளியில் கோடைக் காலத்தில் அறையே சூடாக இருக்கும்போது அந்தக் கட்டம் சீக்கிரம் வந்துவிடும். இங்கே குளிர் அதைத் தள்ளிப்போடுகிறது. அப்டேட்டில் ஏதாவது வேலை கூடியிருந்தால், அதன் சுமை முதலில் அவனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் வெயிலில்தான் விளையாடுகிறார்கள். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து இன்னொருவர் புகாரை மறுக்க நமக்கு உரிமை இல்லை. அவனிடம் நான் அப்படிப் பேசியது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், அப்டேட் போட்ட முதல் இரண்டு மூன்று மேட்சில் வரும் திக்கலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஷேடர் என்ற வரைகலைக் குறிப்புகளைப் புதிதாகத் தயாரித்துச் சேமிக்கும் வேலை நடப்பதால் வருவது அது. பல கேம்களில் தானே அடங்கிவிடும்.

வரப்போவதை வந்துவிட்டதாகப் பேசுவது

2022 ஜூலை 28 அன்று பப்ஜி கேமின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ அரசு உத்தரவால் ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதத்தில்தான் திரும்பி வந்தது. இடையில் அந்தப் பத்து மாதமும் டீக்கடை பெஞ்சில் புதுப்புதுத் தேதிகள் கேட்டோம். ஒவ்வொன்றும் 'கன்ஃபர்ம்' என்றே வந்தது. அதை நம்பி வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை (ஸ்டோர் இல்லாமலே ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) போட்டு, கூகுள் கணக்கையே இழந்த ஒரு தம்பி எங்கள் பக்கத்தில் இருக்கிறான். கேமின் சொந்த அறிவிப்பிலோ ஸ்டோரிலோ வராத எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

கம்பெனியே மேடை ஏறி அறிவித்தாலும் அது வந்தே தீரும் என்று இல்லை. ஓவர்வாட்ச் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமை 2019 நவம்பரில் அறிவித்தபோது, கூட்டுச்சேர்ந்து கதைப் பணிகளை முடிக்கும் பெரிய பகுதியைத்தான் முக்கிய ஈர்ப்பாகக் காட்டினார்கள். கேம் 2022 அக்டோபரில் வந்தது. அந்தப் பகுதியில் முக்கியமான ஹீரோ மிஷன்களைக் கைவிட்டதாக 2023 மே மாதம் சொன்னார்கள். அதை எதிர்பார்த்தவர்களின் கோபம் நியாயமானது. டெஸ்ட் சர்வரில் இருப்பதும் அப்படித்தான். சோதித்துப் பார்க்க வைத்ததை எடுத்துவிடவும் செய்வார்கள்.

"புது மேப் எதுக்கு, முதல்ல சர்வரைச் சரி பண்ணுங்க" என்பது இன்னொரு வழக்கம். மேப் வரைபவரும் சர்வர் பார்ப்பவரும் ஒரே ஆள் இல்லை; மேப்பை நிறுத்தினால் சர்வர் தானாகச் சரியாகாது. பணம் எதற்கு ஒதுக்குகிறார்கள் என்று கேட்பது சரியான கேள்வி. அதை அப்படியே கேளுங்கள்.

திக்கலைக் காட்ட அதே போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போடாதீர்கள். ரெக்கார்டிங்கே எஃப்பிஎஸ்ஸைக் குறைக்கும். பக்கத்தில் இருப்பவரின் போனால் வீடியோ எடுங்கள்.

எங்கள் ஸ்குவாட்டில் இப்போது புகார் எழுதுபவன் அந்த நான்காவது ஆள். அண்மையில் அவன் அனுப்பியது இவ்வளவுதான்: "நேற்று இரவு 9.40 மணி, மும்பை சர்வர். நான்கு பேரில் இருவர் கேபிள் நெட், இருவர் வேறு வேறு மொபைல் நெட். நால்வருக்கும் ஒரே நொடியில் ஆட்கள் உறைந்தார்கள், பார்வை மட்டும் சரியாகத் திரும்பியது. எட்டு நொடி நீடித்தது. மேட்ச் எண்ணும் வெர்ஷன் எண்ணும் கீழே. போன் மாடல்கள் இவை. மழை இல்லை, கரண்ட் இருந்தது."