கட்டுப்படுத்திய ஆளைப் பிரிந்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

பிரிந்து வந்தாயிற்று. யாரோடு பேசலாம், எந்தச் சட்டையைப் போடலாம், போன் அடித்தால் எவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தீர்மானித்த ஆளை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள், சுற்றி இருப்பவர்களும் “விட்டது தொல்லை, இனி நிம்மதியாக இரு” என்கிறார்கள், நீங்களும் தலையை ஆட்டுகிறீர்கள். அப்புறம் ராத்திரி ஒன்றரை மணிக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில், அந்த ஆள் கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டும் இருக்கிறேன். இங்கே எழுதியிருக்கும் தவறுகளில் முக்கால்வாசி நான் செய்தவை, மிச்சம் நண்பர்கள் செய்து நான் பக்கத்தில் இருந்து பார்த்தவை.

எல்லாத் தவறுக்கும் தாய் போல ஒன்று இருக்கிறது. மனசு அந்தப் பக்கம் இழுப்பதை, அது காதல்தான் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வது. “இவ்வளவு பட்ட பிறகும் நினைப்பு போகவில்லை என்றால் அது எவ்வளவு ஆழமான அன்பாக இருக்கும்” என்று உள்ளே ஒரு கணக்கு ஓடும். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று நம்மிடம் ஒரு பழமொழி வேறு இருக்கிறது, சமாதானம் பேச வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். வேடிக்கை என்னவென்றால், சமாதானத்துக்கு உதவாத அந்தப் பழமொழி நோயைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-இல் இதைப் பற்றி எழுதினார்கள், கொடுமை செய்தவர் மேலேயே இறுகிப்போகும் பற்றை இன்று எல்லோரும் ‘ட்ராமா பாண்ட்’ என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். இரண்டு விஷயம் சேர்ந்தால் போதும் என்றார்கள்: ஒருவர் கை ஓங்கியும் மற்றவர் கை தாழ்ந்தும் இருக்க வேண்டும், அதோடு நல்லதும் கெட்டதும் விட்டு விட்டு வர வேண்டும். எந்நேரமும் மோசமாகவே நடத்தியிருந்தால் பற்று இவ்வளவு இறுகியிருக்காது. மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு நான்காம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து “சாப்பிட்டியா?” என்று கேட்பார் பாருங்கள், அந்த ஒரு கேள்விதான் கட்டிப் போடுகிறது. காயம் செய்ததும் அவர், மருந்து போட்டதும் அவர் என்று பழகிவிட்ட பிறகு, வலிக்கும்போது மனசு வேறு எங்கே ஓடும்?

இதோடு ஒட்டியே இன்னொரு தவறு, தனக்குத்தானே கெடு வைத்துக்கொள்வது. மூன்று மாதத்தில் சரியாகிவிட வேண்டும், பிறந்த நாளுக்குள் மறந்துவிட வேண்டும் என்று. அதே இருவரும் 1993-இல், கொடுமையான உறவிலிருந்து வெளியே வந்த 75 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது பற்று சுமார் 27 சதவீதம்தான் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் கால்வாசியும் கொஞ்சமும்! எனக்கு அந்த எண் பயத்தைக் கொடுக்கவில்லை, பெரிய ஆறுதலைக் கொடுத்தது, ஏனென்றால் “எனக்கு மட்டும் ஏன் இன்னும் போகவில்லை” என்று நான் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு என்று தெரிந்துபோயிற்று.

அடுத்தது, ‘கடைசியாக ஒரே ஒரு முறை பேசிவிடலாம்’. இதில் விழாதவர்கள் குறைவு. அவர் செய்தது அவருக்கே புரிய வேண்டும், ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டும், அப்போதுதான் என்னால் மூடி வைக்க முடியும் என்று தோன்றும். ஆசை நியாயமானதுதான். ஆனால் யாரிடம் போய் கேட்கிறோம்? இத்தனை வருஷம் நீங்கள் சொன்ன ஒவ்வொரு குறையையும் திருப்பி உங்கள் மேலேயே போட்டவரிடம். நான் அப்படி ஒரு தடவை போனேன். என்னிடம் தங்கிவிட்ட அவருடைய இரண்டு புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பத்து நிமிஷ வேலை, அவ்வளவுதான் என்று தோழியிடம் சொல்லிவிட்டுப் போனேன். வரும்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. போகும்போது பையில் வைத்திருந்த புத்தகங்கள் வரும்போதும் பையிலேயே இருந்தன, கொடுக்கவே மறந்துவிட்டேன், ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தேன். எதற்கு என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது நெஞ்சை அடைக்கிறது என்றால் எழுதுங்கள், பக்கம் பக்கமாக எழுதுங்கள், அனுப்பாதீர்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் இருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். கூரியரில் போனால் இன்னும் நல்லது, கூரியர்காரரிடம் யாரும் மூன்று மணி நேரம் பேச மாட்டார்கள்.

பிளாக் செய்துவிட்டேன், ஆனால்… என்று ஆரம்பிக்கிற தவறுகள் தனி வகை. பிளாக் செய்துவிட்டுத் தங்கையின் போனில் ஸ்டேட்டஸ் பார்ப்பது, பொது நண்பர்களிடம் பேச்சோடு பேச்சாக “அந்தப் பக்கம் எல்லாம் எப்படி?” என்று கேட்பது, பழைய சாட் மெசேஜ்களை ‘ஆதாரத்துக்கு’ என்று வைத்துக்கொண்டு உண்மையில் முதல் மாதத்து இனிப்பான பகுதியை மட்டும் படிப்பது. ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை நினைத்துப் பாருங்கள். கொத்தும்போதெல்லாம் இரை கிடைத்த புறா, இரை நின்றதும் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். எப்போதாவது ஒரு தடவை மட்டும் கிடைத்த புறாவோ, நின்ற பிறகும் விடாமல் வெகு நேரம் கொத்திக்கொண்டே இருக்கும். நாற்பது தடவை பார்த்ததில் ஒரு தடவை ஒரு சோகப் பாட்டு ஸ்டேட்டஸில் இருந்தது, அது நமக்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது, போதும், அடுத்த ஒரு மாதத்துக்கு அந்த ஒரு இரை தாங்கும்.

இதில் புறா நாம் மட்டும் இல்லை, சில நேரம் இரை போடுகிறவரும் நாமே. இது பலருக்குத் தெரியாமல் போகிற இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நீங்கள் பதில் சொல்வதை நிறுத்தியதும் அந்தப் பக்கம் அமைதியாகிவிடும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் முதலில் அதிகமாகும். வழக்கமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் முயற்சி ஒரு கட்டத்துக்கு வேகம் பிடிக்கும், பிறகுதான் தணியும். பிடி தளர்கிறது என்று தெரிந்ததும் முதலில் கெஞ்சல் வரும், அப்புறம் பரிசு வரும், அப்புறம் “உடம்பு சரியில்லை”, அப்புறம் மிரட்டல், அப்புறம் அவருடைய அம்மாவோ அக்காவோ போனில். இந்த வரிசையில் பத்தொன்பது மெசேஜுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இருபதாவதுக்கு “தயவுசெய்து என்னை விட்டுவிடு” என்று ஒரு வரி போட்டால், நாம் மறுத்ததாக நாம் நினைக்கிறோம். அங்கே போய்ச் சேரும் பாடம் வேறு: இருபது தடவை தட்டினால் கதவு திறக்கும். அடுத்த தடவை இருபத்தைந்து வரும். வேண்டாம் என்பதை ஒரு தடவை தெளிவாக எழுதிவிட்டு, அப்புறம் திட்டக்கூட வாயைத் திறக்காமல் இருப்பதுதான் வழி. தற்கொலை செய்துகொள்வேன் என்று வந்தால் அதை அலட்சியம் செய்யவும் வேண்டாம், நீங்களே ஓடவும் வேண்டாம். அவர் வீட்டாருக்கோ அவசர உதவிக்கோ உடனே சொல்லுங்கள்.

குழந்தை இருக்கிறது, கடன் இருக்கிறது, ஒரே அலுவலகம் என்றால் முழுதாக அறுக்க முடியாது, சரி. அப்போது எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். “சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்” என்பதற்குப் பதில் “சரி”. “நீ எப்போதும் இப்படித்தான்” என்பதற்குப் பதிலே கிடையாது.

நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடிப்பதும் தவறுதான், அது பார்க்க வைராக்கியம் போல இருந்தாலும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1987-இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நமக்குக் கரடிக்குப் பதில் ஒரு முகம். வரட்டும். வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உதவியது ஒரு பழைய நோட்டு. பெரிய சண்டைகளை அதில் எழுதவில்லை, அவை எப்படியும் ஞாபகம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ‘அன்று அவருக்கு வேலையில் டென்ஷன்’ என்று ஒரு சாக்கும் தயாராக இருக்கும். சாதாரண நாட்களை எழுதினேன். கடையிலிருந்து அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்கு ரசீதை வாங்கி அதில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்தார். அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் போடச் சொன்னார். புதுச் சட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். இந்தக் கடைசி வரியை எழுதிய அன்றுதான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

“அவர் என்னை ஒரு நாளும் கைநீட்டியதே இல்லையே” என்று சொல்லி மொத்தத்தையும் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அடி விழவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல், துணையை இப்படித் தொடர்ந்து அடக்கி ஆண்டு நடுங்க வைப்பதே, கை படாவிட்டாலும், ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். சட்டமே பெயர் வைத்துவிட்ட ஒன்றை நாம் ‘கொஞ்சம் பொசசிவ்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வெறுப்பை விடுதலை என்று நினைப்பது இன்னொன்று. காலையில் எழுந்ததும் அவரை எப்படிக் கிழிக்கலாம் என்று யோசிக்கிறோம், அவர் கண்ணில் படட்டும் என்றே சிரித்த போட்டோவைப் போடுகிறோம். கோபம் வரட்டும், வர வேண்டியதுதான், ஆரம்ப நாட்களில் அது நன்றாகவே முட்டுக் கொடுக்கும். ஆனால் எந்தப் போட்டோவைப் போடுவது என்பதை இன்னும் அவர் கண்தான் முடிவு செய்கிறது. உடனே இன்னொரு உறவுக்குள் குதிப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று, நான் ஒன்று மட்டும் சொல்கிறேன்: முடிவெடுக்கும் பழக்கமே விட்டுப்போன நேரத்தில், எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிற இன்னொரு ஆள் ரொம்ப நிம்மதியாகத் தெரிவார்.

கதவுகளைப் பூட்ட மறப்பது பற்றியும் சொல்ல வேண்டும். மெயில் பாஸ்வேர்டு, லொக்கேஷன் ஷேரிங், இருவருக்கும் பொதுவான கிளவுட் கணக்கு, வீட்டுச் சாவி. பலர் மனசை மாதக்கணக்கில் சரிசெய்துகொண்டிருப்பார்கள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அந்த ஆளின் போனில் ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய துணை வன்முறைக்காரர் என்றால் பிரிகிற சமயமும் பிரிந்த முதல் மாதங்களும்தான் ஆபத்து கூடுகிற காலம். உங்கள் போன் கண்காணிக்கப்படுகிறது என்ற சந்தேகம் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் அவர் உஷாராகிவிடலாம், அதனால் வேறொருவர் போனிலிருந்து, பெண்கள் உதவி மையம் போன்ற இடத்தில் ஆலோசனை கேட்டு, எங்கே தங்குவது யாருக்குச் சொல்வது என்ற திட்டத்தோடு செய்யுங்கள். மிரட்டல் மெசேஜ்களை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஒரு ராத்திரி சறுக்கிவிட்டது, பேசிவிட்டீர்கள், நேரில்கூடப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்று நினைத்து அடுத்த ராத்திரியும் போவதுதான் தவறு, சறுக்கியது அல்ல. எந்த நேரத்தில், எது நடந்த பிறகு கை போனுக்குப் போனது என்று பாருங்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள். அதைக் கண்டுபிடித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோழி வீட்டில் போய் உட்கார ஆரம்பித்தேன், அவளிடம் காரணம்கூடச் சொல்லவில்லை, போனை அவள் வீட்டு அலமாரி மேல் வைத்துவிடுவேன்.

கடைசியாக, எனக்கே ரொம்ப நாள் கண்ணில் படாத ஒன்று. ஆள் போன பிறகும் அவருடைய சட்டத்துக்குள்ளேயே வாழ்வது. பிரிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. படி ஏறும்போதே மனசுக்குள் ஒத்திகை ஓடுகிறது: பஸ் வரவில்லை, அப்புறம் வந்ததும் கூட்டம், போனில் சார்ஜ் இல்லை. மூன்றும் பொய் இல்லை, ஆனால் எந்த வரிசையில் சொன்னால் சண்டை வராது என்று அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை, காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் மேசை மேல் அப்படியே இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன், அப்புறம் எழுந்து டம்ளரைக் கழுவினேன்.