தளர்வது எது, நிற்பது எது: ‘தளர்வு’ என்ற சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பேருந்து நிலையங்களின் சுவர்களில் ‘நரம்புத் தளர்ச்சிக்கு நிரந்தரத் தீர்வு’ என்ற விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குத் தளர்ச்சி என்றால் நோய். ‘மனம் தளராதே’ என்று பெரியவர்கள் தேற்றும்போது தளர்வு என்பது ஊக்கம் குன்றுதல். 2021 மே மாதம் ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’ என்று அறிவித்தபோது அதே சொல் கட்டுப்பாட்டில் கிடைக்கும் சலுகையாயிற்று. அறிவியலிலும் பொறியியலிலும் ‘ரிலாக்சேஷன்’ என்று வழங்கும் கருத்துக்கும் தமிழில் இதே சொல்லைத்தான் எடுத்தாளுகிறோம். தமிழ்வழியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, இத்தனை பொருளையும் சுமந்து வரும் இந்தச் சொல்லால் மாணவர்கள் எங்கெல்லாம் தடுமாறுகிறார்கள் என்பது ஆண்டுதோறும் விடைத்தாள்களில் தெரிகிறது. தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தளர்வு என்று சொல்லும்போது எது தளர்கிறது, அப்போது எது மாறாமல் நிற்கிறது என்ற இரண்டையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

இவற்றைக் கேட்காததால் நேரும் முதல் தவறு, தளர்வையும் ஊர்தலையும் ஒன்றாக எண்ணுவது. பொறியாளர்கள் ‘கிரீப்’ என்று சொல்லும் ஊர்தலுக்கு, கிராமத்து வீட்டுத் திண்ணையில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலே போதுமான பாடம். படுப்பவரின் எடை மாறுவதில்லை. கயிறுதான் மெல்ல மெல்ல நீண்டு, சில மாதங்களில் கட்டிலின் நடுப்பகுதி தொட்டில்போல் குழிந்துவிடுகிறது. இங்கே விசை நிற்கிறது, நீளம் மாறுகிறது. குக்கரின் கேஸ்கட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. மூடிக்கும் பாத்திர விளிம்புக்கும் உள்ள இடைவெளி என்றும் அதே அளவுதான். அந்த இடைவெளிக்குள் நசுங்கிக் கிடக்கும் ரப்பர் திருப்பித் தள்ளும் விசைதான் நாளடைவில் குறைகிறது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கீறலோ கிழிசலோ இராது. ஆனாலும் விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசிந்து, பருப்பு வேகாமல் கிடக்கும். என் வீட்டில் அப்போதெல்லாம் கேஸ்கட்டைச் சற்று நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போடுவார்கள். அன்றைய சமையல் ஓடிவிடும். குளிரில் ரப்பர் சுருங்கிக் கெட்டிப்படுவதால் கிடைக்கும் தற்காலிகப் பிடிப்பு அது. பல மாதச் சூட்டில் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் அடைந்த மாற்றத்தைக் குளிர் திருப்பித் தராது. ஆகவே கேஸ்கட் பார்வைக்கு முழுதாக இருக்கிறதே என்று நம்பி மாதக்கணக்கில் இழுத்தடிப்பது தவறு. புதிது வாங்குவதே முறை.

இதே வேறுபாடு பாலங்களில் உயிர்ப் பிரச்சினையாகிறது. முன்தகைவுக் கான்கிரீட்டில் எஃகு வடங்களைப் பெருவிசையுடன் இழுத்துப் பூட்டி, அந்த இழுவிசையால் கான்கிரீட்டை எப்போதும் அமுக்கத்தில் வைத்திருப்பார்கள். பூட்டிய வடத்தின் நீளம் நிற்கிறது. அதிலுள்ள விசை காலப்போக்கில் தளர்கிறது. ‘குறைதளர்வு வடம்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, தளர்வாகக் கட்டப்பட்டது என்றோ தரம் குறைந்தது என்றோ எழுதும் மாணவர்கள் உண்டு. பொருள் அதற்கு எதிரானது: விசையைக் குறைவாகவே இழக்கும் நல்ல எஃகு அது. முறிவிசையின் 70 சதவீதத்துக்கு இழுத்து நீளம் மாறாமல் 1000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 42 நாட்கள் வைத்தால், விசை 2.5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்பது ஐ.எஸ். 14268 என்ற இந்தியத் தர அளவு. 1928இல் முன்தகைவுக் கான்கிரீட்டுக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே கண்டுகொண்ட உண்மை, இத்தகைய இழப்புகள் போகவும் போதிய விசை மிஞ்ச வேண்டுமானால் உயர்வலிமை எஃகு வேண்டும் என்பதே. அவருக்கு முன் முயன்றவர்களின் சாதாரண எஃகில், கான்கிரீட்டின் சுருக்கமும் ஊர்தலும் சேர்ந்து, கொடுத்த விசையைப் பெரும்பாலும் தின்றுவிட்டன.

தளர்ந்தால் நீளும், தொளதொளக்கும் என்ற எண்ணமும் எல்லா இடத்திலும் பொருந்தாது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற நம் சுங்குடிச் சேலையையே எடுத்துக்கொள்வோம். பருத்தி நூல் தறியில் இழுவிசையுடன் பாவாகப் பூட்டப்பட்டு நெய்யப்படுகிறது. நெய்த பிறகும் சாயமிடும்போதும் உலர்த்தும்போதும் துணி இழுபடுகிறது. அந்த இழுவை துணிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் தடவை நனைக்கும்போது இழைகளுக்கு இடம்பெயர வழி கிடைத்து, துணி தன் இயல்பு அளவுக்குத் திரும்புகிறது, அதாவது சுருங்குகிறது. நெசவுத் துறையினர் இதைத் தளர்வுச் சுருக்கம் என்பார்கள். ரவிக்கைத் துணியை இரவு முழுதும் ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள் என்று தையற்காரர் சொல்வது இதனால்தான். அவசரத்தில் நனைக்காமல் வெட்டித் தைத்த ரவிக்கை முதல் சலவைக்குப் பின் கை நுழையாமல் போகும்போது துணியைக் குறை சொல்கிறோம். துணி அதன் கடமையைத்தான் செய்திருக்கிறது.

‘தளர்வு நேரம்’ என்ற கலைச்சொல் இன்னொரு குழி. 1867இல் வாயுக்களைப் பற்றிய ஆய்வுரையில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கையாண்ட கருத்து இது. ஒரு பொருள் முழுதும் தளர்ந்து முடிய ஆகும் நேரம் என்று பலரும் எழுதுகிறார்கள். சமநிலையிலிருந்து விலகி நிற்கும் ஓர் அளவு, தொடக்க விலகலில் ஏறத்தாழ 37 சதவீதமாகக் குறைய ஆகும் காலமே தளர்வு நேரம். இரண்டாவது தளர்வு நேரம் கழியும்போது 14 சதவீதம் மிஞ்சும், மூன்றாவதில் 5, ஐந்தாவதில் ஒன்றுக்கும் கீழ். கணக்கில் அதிகம் நேரும் பிழை, விலகலுக்குப் பதிலாக முழு அளவையே பெருக்குவது. அறையின் வெப்பநிலை 32 டிகிரி, டபராவில் இருக்கும் காபி 82 டிகிரி என்று கொள்வோம். ஒரு தளர்வு நேரம் கழித்து 82இல் 37 சதவீதம், ஆகவே 30 டிகிரி என்று எழுதினால், காபி அறையைவிடக் குளிர்ந்துவிட்டதாகப் பொருள்! தளர்வது 50 டிகிரி வேறுபாடு. நிற்பது அறையின் 32 டிகிரி. வேறுபாடு 18 ஆகக் குறைய, காபி 50 டிகிரியில் இருக்கும் என்பதே சரி.

எம்.ஆர்.ஐ. படங்களில் டி1, டி2 என்று குறிப்பதும் தளர்வு நேரங்களே. படுத்திருப்பவரின் தளர்வுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவர் அசையாமல் இருந்தால் போதும். தளர்வது உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் காந்தநிலை. அவை பெற்ற ஆற்றலைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்து மீள்வது டி1. தமக்குள் இருந்த ஒத்திசைவை இழப்பது டி2. கொழுப்பின் டி1 கால் நொடி அளவில் இருக்க, மூளைத் தண்டுவட நீரின் டி1 சில நொடிகளாக நீள்கிறது. இந்த வேறுபாட்டால்தான் படத்தில் ஒன்று வெளுத்தும் மற்றது கறுத்தும் தெரிகிறது.

விதிகளில் தளர்வு என்பது எளிது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர்வு அறிவிப்பில் வயது வரம்புத் தளர்வு இருந்தால் வரம்புதான் தளர்கிறது, கல்வித் தகுதி நிற்கிறது. இதைப் படிக்காமல் விண்ணப்பித்து ஏமாறுபவர்கள் உண்டு. கணிதத்திலும் ஒரு நிபந்தனையைத் தளர்த்திவிட்டுக் கணக்குப் போடுவார்கள். அழகர்கோவிலுக்கு 130 பேர் போக, 52 இருக்கைப் பேருந்துகள் எத்தனை வேண்டும்? முழு எண் என்ற நிபந்தனையைத் தளர்த்தினால் விடை 2.5. அந்த விடையை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு, பயனற்றது என்று எறிவதும் தவறு, 2.5க்குக் குறைந்து முடியாது என்பதால் இரண்டு பேருந்து போதாது என்பதை அது உறுதியாகச் சொல்கிறது.

உடலுக்கு வரும்போது, தளர்வு என்றால் வேலை செய்யாமை என்று நினைப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். சுருங்கிய தசை தளர்வதற்கு ஆற்றல் செலவாகிறது. கால்சியத்தை அதன் சேமிப்பு அறைகளுக்குத் திருப்பி ஏற்றவும், பற்றிக்கொண்ட புரத இழைகளை விடுவிக்கவும் செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. வேண்டும். இறந்த உடல் விறைத்துப் போவது அது தீர்ந்துவிடுவதால்தான். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம், ஒவ்வொரு துடிப்பின் 0.8 நொடியில் ஏறத்தாழ 0.5 நொடியைத் தளர்வில் கழிக்கிறது. அப்போதுதான் அதன் அறைகள் நிரம்புகின்றன, அதன் இடப்பக்கத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அப்போதுதான் பாய்கிறது. ஆகவே தசைத் தளர்வை நரம்புத் தளர்ச்சியோடு குழப்பிக்கொண்டு, கழுத்துவலிக்கு மருத்துவர் எழுதித் தந்த தசை தளர்த்தும் மாத்திரை உடம்பை நிரந்தரமாகப் பலவீனமாக்கிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த மாத்திரைகள் பலவும் தூக்கக் கலக்கம் தருபவை என்பதால், போட்டுக்கொண்டு இருசக்கர வண்டி ஓட்டுவதற்குத்தான் அஞ்ச வேண்டும். கைகால் மரத்துப்போதலும் உண்மையான பலமிழப்பும் வேறு. அவற்றுக்குச் சுவர் விளம்பரத்தை நம்பாமல் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போக வேண்டும்.

படுத்துவிட்டால் தளர்ந்துவிட்டோம் என்பதும் அப்படியே. கைப்பேசியை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு படுத்திருப்பவரின் தோளும் கழுத்தும் தாடையும் இறுகியே இருக்கும். ‘ரிலாக்ஸாக இரு’ என்று தன்னையே அதட்டிக்கொள்வதாலும் அந்த இறுக்கம் போகாது. இறுக்கம் எங்கே இருக்கிறது என்று முதலில் உணராமல் அதை விட முடியாது என்பதைக் கண்டு, எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் ஒரு பயிற்சியை வகுத்தார். இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் அதன் எளிய வடிவத்தில், வலது கையை முட்டியாக மடக்கி ஐந்தாறு நொடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டுவிட வேண்டும். பிறகு அரை நிமிடம் வேறொன்றும் செய்யாமல், விரல்கள் தாமாக விரிவதையும் முன்கை கனத்து வெதுவெதுப்பாவதையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்தது இடது கை, பிறகு தோள், நெற்றி, தாடை.