ஸ்டெயின்லெஸ் துப்பாக்கியில் சின்னக் கீறல்களை நீக்குவது எப்படி?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துப்பாக்கியில் பெரும்பாலும் மேற்பூச்சு எதுவும் இருக்காது. கண்ணில் படுவது வெறும் உலோகம். அதனால்தான் கீறலைத் தேய்த்தே மறைக்க முடிகிறது. புளூயிங் (ரசாயனத்தால் ஏற்றும் நீலக்கருமைப் படலம்) செய்த துப்பாக்கியில் இப்படித் தேய்த்தால் நிறமே போய்விடும்.

முதலில் மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றுங்கள். ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரின் எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். பிறகு பாகங்களைப் பிரித்து, தேய்க்கப்போகும் பாகத்தை மட்டும் தனியே எடுங்கள்.

வெள்ளியாகத் தெரிவதெல்லாம் ஸ்டெயின்லெஸ் அல்ல. ஸ்லைடு ஸ்டெயின்லெஸாக இருக்கும், அடியிலுள்ள ஃப்ரேம் (கைப்பிடியோடு சேர்ந்த உடல்) நிறமேற்றிய அலுமினியமாக இருக்கும். நிக்கல் முலாம் பூசியவையும் உண்டு. இவற்றைத் தேய்த்தால் மேலடுக்கு போய்விடும், திரும்ப வராது. காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியமா என்று சந்தேகப்படுங்கள். ஒட்டினாலும் முலாமாக இருக்கலாம் என்பதால், தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைப் பார்ப்பதே நல்லது.

அடுத்து, பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடினால் அது பிரஷ்டு ஃபினிஷ். ஸ்லைடின் பக்கவாட்டில் அவை பெரும்பாலும் பேரலுக்கு இணையாகப் போகும். கீறல் ஆழமாக இருப்பதால் மட்டும் கண்ணை உறுத்துவதில்லை, அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டுவதால்தான் உறுத்துகிறது. 1911 என்ற பிஸ்டல் வகையில் ஸ்லைடு ஸ்டாப்பை (ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் சிறு நெம்புகோல்) மாட்டும்போது ஃப்ரேமின் இடப்பக்கம் விழும் வில் போன்ற கீறல் இதற்கு நல்ல உதாரணம்.

தேவையானவை: மெரூன் (சற்றுக் கரடு), சாம்பல் (மென்மையானது) நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்புப் பட்டைகள், மாஸ்கிங் டேப், கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய், ஐசோபுரோபைல் ஆல்கஹால். எழுத்துகள், சீரியல் எண், சைட் (குறிபார்க்கும் பாகம்) எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். சீரியல் எண் தேய்ந்துபோனால் பல நாடுகளில் அது சட்டச் சிக்கல். ஸ்லைடு ஓடும் தடங்கள், பேரலின் வாய், சேம்பர், ட்ரிகரோடு சேர்ந்த உள்பாகங்கள் பக்கம் பட்டையைக் கொண்டு போகவே கூடாது.

ஆல்கஹாலால் பிசுக்கைத் துடைத்துவிட்டு, சாம்பல் பட்டையில் 2 சொட்டு எண்ணெய் விட்டு, பரப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக இழுங்கள். முனையில் பட்டையைத் தூக்கி, மறுபடி ஆரம்பத்திலிருந்து இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால், கை திரும்பும் இடத்தில் கோடு வளைந்து புதிய கறையாகத் தெரியும். கீறல் உள்ள இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள்: அங்கே பளபளப்பாக ஒரு திட்டு விழும், பள்ளமும் விழும். 5 இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் மெரூனுக்கு மாறி, கடைசியில் சாம்பலால் முடியுங்கள்.

நகத்தில் தட்டுப்படும் கீறலுக்குப் பட்டை போதாது. 400 நம்பர் வாட்டர் பேப்பரை (நீர் படலாம் என்ற உப்புத்தாள்; நம்பர் கூடக் கூட மென்மை) தட்டையான சிறு கட்டையில் சுற்றி எண்ணெயோடு இழுத்து, பிறகு 600, அதன்பின் பட்டை. கட்டை இல்லாமல் விரலால் அழுத்தினால் விளிம்புகள் மழுங்கும். கூர்மையான விளிம்பு உருண்டுபோன ஸ்லைடைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அதைச் சரிசெய்யவும் முடியாது. ரோட்டரி டூல் இந்த வேலைக்கு வேண்டாம், நொடியில் அலையலையாகக் குழி பறித்துவிடும்.

கண்ணாடி மணிகளை வீசி மங்கலாக்கிய பரப்பில் கோடுகளே கிடையாது. அங்கே எதைத் தேய்த்தாலும் பளிச்சென்று ஒரு திட்டு மிஞ்சும். அந்தப் பாகத்தை முழுதாக மறுபடி பிளாஸ்ட் செய்ய (மணிகளை வீச) ஆர்மரரிடம், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம், கொடுப்பதுதான் வழி. கண்ணாடிபோல் மின்னும் பாலிஷ் என்றால், லேசான கீறலுக்கு மெட்டல் பாலிஷும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். ஆழமானதற்கு வாட்டர் பேப்பரில் 1000, 1500, 2000 நம்பர் என்று ஏறி, கடைசியில் பாலிஷ் போடுங்கள்.

சாதாரண இரும்புக் கம்பளியைத் தொடாதீர்கள். அதன் துகள்கள் பரப்பில் பதிந்து துருப்பிடிக்கும், பழி ஸ்டெயின்லெஸ் மேல் விழும். சாதாரண ஸ்டீலைத் தேய்த்த பட்டையையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

முடிந்ததும் டேப்பை எடுத்து, தூளெல்லாம் போகும்வரை ஆல்கஹாலால் கழுவுங்கள். மிஞ்சிய துகள் ஸ்லைடு ஓடும் தடங்களைத் தேய்த்துவிடும். உலர்ந்தபின் மெல்லிய எண்ணெய் தடவி, பாகங்களைப் பூட்டி, ஸ்லைடு தடையில்லாமல் ஓடுகிறதா என்று காலித் துப்பாக்கியில் சோதியுங்கள்.