ஜாக் டி மோலேயின் வாக்குமூலங்களைப் படிக்கும் முறை

சிலுவைப் போர்க் காலத்தில் எழுந்த கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகளின் அமைப்பான டெம்ப்ளர் சபையின் கடைசிப் பெருந்தலைவரான ஜாக் டி மோலே, தம்மீதான மதவிரோதக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார், மறுத்தார், மீண்டும் ஒப்புக்கொண்டார், இறுதியில் மறுத்துவிட்டுத் தீயில் மாண்டார். இந்த வரிசையை மட்டும் பார்ப்பவர்கள் அவரைக் கோழை என்றோ தியாகி என்றோ அவசரமாக முடிவுகட்டிவிடுகிறார்கள். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு வாக்குமூலத்தின் தேதிக்கு அருகிலும் அன்று அவர் யாருடைய காவலில் இருந்தார், விசாரித்தவர் யார், மறுத்தால் என்ன நேரும் என்பவற்றை எழுதிக்கொண்டு படியுங்கள்.

1307 அக்டோபர் 12 அன்று பாரிஸில் அரச குடும்பத்து இறுதிச் சடங்கொன்றில் மரியாதைக்குரிய இடத்தில் நின்ற மோலே, மறுநாள் விடியலில் பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப்பின் ஆணைப்படி கைதானார். அந்த ஆணை ஒரு மாதத்துக்கு முன்பே இரகசியமாக அனுப்பப்பட்டிருந்தது. அக்டோபர் 24 அன்று, சபையில் சேர்ந்தபோது கிறிஸ்துவை மறுதலித்ததாகவும், சிலுவையின்மீது துப்பச் சொன்னபோது தரையில் துப்பியதாகவும் ஒப்புக்கொண்டார். அப்போது அவர் மன்னரின் கைதி. டிசம்பரில் பாப்பரசரின் கர்தினால்கள் வந்ததும் அதை மறுத்துவிட்டார் என்பதை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

1308 ஆகஸ்டில் ஷினோன் கோட்டையில் மீண்டும் ஒப்புக்கொண்டு கர்தினால்களிடம் பாவமன்னிப்புப் பெற்றார். விசாரித்தவர்கள் திருச்சபையினர் என்றாலும் கோட்டை மன்னருடையது. 1309 நவம்பரில் பாப்பரசரின் ஆணையம் இந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியபோது, அவர் வியப்புற்று இருமுறை சிலுவை அடையாளம் இட்டதாகப் பதிவு கூறுகிறது. வாக்குமூலத்தையும் இந்த வியப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் மிக முக்கியமான படி என்று நான் கருதுகிறேன்.

மறுத்தால் என்ன நேரும் என்ற மூன்றாவது கேள்விக்கு விடை காண 1310 மே 12 ஐப் பாருங்கள். ஒப்புக்கொண்டதை மறுப்பவர் மீண்டும் பதிதத்தில், அதாவது திருச்சபை தண்டிக்கும் மதவிரோதக் கொள்கையில், விழுந்தவராகக் கருதப்பட்டதால், அன்று 54 டெம்ப்ளர்கள் பாரிஸுக்கு அருகே எரிக்கப்பட்டனர். 1312 இல் பாப்பரசர் ஐந்தாம் கிளமெண்ட் சபையைக் கலைத்தார். 1314 மார்ச்சில் நோத்ர்தாம் ஆலயத்தின் முன் நான்கு தலைவர்களுக்கு ஆயுள் சிறை அறிவிக்கப்பட்டபோது, இருவர் மௌனமாக ஏற்றனர். மோலேயும் நார்மண்டியின் தலைவர் ஜெஃப்ருவா டி ஷார்னேயும், விளைவை முழுமையாக அறிந்தே எழுந்து மறுத்தனர். திருச்சபையின் முடிவுக்குக் காத்திராமல் மன்னர் அன்றே அவர்களைச் சேன் நதித் தீவில் எரிக்கச் செய்தார்.

மோலே விடுத்ததாகச் சொல்லப்படும் சாபத்தை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். கிளமெண்ட்டும் பிலிப்பும் அதே ஆண்டில் இறந்ததால் செழித்து வளர்ந்த கதை அது. அதைவிட, பிரான்சுக்கு வெளியே நடந்த விசாரணைகளுடன் ஒப்பிடுவது பயன் தரும். சபையின் தலைமையகம் இருந்த சைப்ரஸில் 1310 இல் விசாரிக்கப்பட்ட டெம்ப்ளர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தனர், சபையைச் சேராத சாட்சிகளில் பலரும் அவர்களுக்கு ஆதரவாகவே பேசினர்.