சங்கீதம் 13 ஓரத்தில் ஒரு தேதி

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்துச் சர்ச் மணி காதில் விழுகிற தூரத்தில்தான் வீடு. ஞாயிறு ஆராதனை தவறாது. ஆனால் வீட்டு ஜெபம் செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. போனில் நாளுக்கு ஒரு வசனம் வரும். பல் தேய்த்துக்கொண்டே பார்த்து, கட்டைவிரலால் தள்ளிவிடுவேன். ஒரே வருஷத்தில் வேதம் (பைபிள்) முழுக்க முடிக்கிற அட்டவணையும் அதன் மூன்றாம் புத்தகமான, சட்டதிட்டம் நிறைந்த லேவியராகமத்தில் படுத்துவிட்டது. (எல்லாருக்கும் அங்கேதான் படுக்கும் போல.)

போன ஐப்பசி மழை விட்டதும் அம்மாவின் பழைய வேதப்புத்தகத்தை வெயிலில் வைக்க எடுத்தேன். அதில் சங்கீதம் என்கிற ஜெபப்பாட்டுகளில் 13-ஆவதின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. ஆறே வசனம், அதில் நாலு தடவை ‘எதுவரைக்கும்’. ஆண்டவரிடம் மனத்தாங்கலையும் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அட்டவணையை விட்டேன். கருப்பட்டிக் காப்பி கொதிக்கிற நேரத்துக்குள் ஒரு சங்கீதம், வாய்விட்டு. கண்ணால் மட்டும் படித்தால் மனசு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது. சங்கீதம் 119-இல் 176 வசனம். அதை எட்டெட்டாக 22 நாளாக்கினேன். தவறிய நாளுக்கு மறுநாள் சேர்த்துப் படிப்பதில்லை. போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கும். பாதி வேலை அதுதான்.

குத்துகிற வரிக்குப் பக்கத்தில் நானும் தேதி போடுகிறேன். இது ரெண்டாம் சுற்று. பென்சில்தான் அடிக்கடி தொலைகிறது.